சர்வாதிகாரியை எதிர்த்த நாடோடி

1889ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், நான்கு நாள் இடைவெளியில், ஐரோப்பாவில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒன்று ஏப்ரல் 16ஆம் நாள் இலண்டன் மாநகரில், மேடைப் பாடகர் குடும்பமொன்றில் பிறந்தது. மற்றொன்று ஏப்ரல் 20ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டின் எல்லைப்புறச் சிற்றூரான பிரௌனாவில் பிறந்தது. முதற் குழந்தை வளர்ந்து உலகத்தைச் சிரிக்க வைத்தது. அடுத்த குழந்தை வளர்ந்து உலகத்தை அழ வைத்தது. முன்னவர் சார்லி சாப்ளின். பின்னவர் அடால்ஃப் ஹிட்லர். இருவரையும் உலகம் அடையாளம் கண்டுகொண்டது மூக்கின் கீழிருந்த அந்தச் சிறு மீசையால்தான். ஒருவருடையது ஒட்டு மீசை. மற்றவருடையது சொந்த மீசை.

இந்த மீசை ஒற்றுமையிலிருந்து 1940ஆம் ஆண்டில் ஒரு திரைப்படம் பிறந்தது. 'தி கிரேட் டிக்டேட்டர்' என்னும் அப்படம் வெளிவருமுன்பே எதிர்ப்பைச் சந்தித்தது; வெளிவந்த பின்பும் விவாதத்தை விட்டு நீங்கவில்லை. அப்படம் உருவான வரலாற்றைக் கெவின் பிரௌன்லோ, மைக்கேல் குளோஃப்ட் என்னும் இருவர் 2002ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படமாக்கினர். 'நாடோடியும் சர்வாதிகாரியும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

எங்கள் கல்லூரித் திரைப்படச் சங்கத்தில் ஒரு மாலை ஆவணப்படத்தையும், மறுநாள் மாலை மூலப்படத்தையும் காட்டினோம். பின்னர் நடந்த கலந்துரையாடலில் கருத்துகளைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. பேசியவர்கள் பலர், ஒத்துப் போனவர்கள் சிலர். அக்குறிப்புகளைப் பின்னர் படித்துப் பார்த்தபோது, சாப்ளினின் வாழ்க்கையை முழுமையாக அறிந்தால்தான் அந்த வாதங்களுக்கு விடை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே, முதலில் அவ்வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறி, பின்னர் நண்பர்களின் கருத்துகளுக்கு வருகிறேன்.

வறுமையின் மடியில்

சாப்ளினின் தாயார் ஹன்னா. இலண்டனில் அக்காலத்தில் மியூசிக் ஹால் எனப்படும் கேளிக்கை அரங்குகள் பல இருந்தன. அவற்றில் லில்லி ஹார்லி என்ற பெயரில் பாடி வந்தவர் அவர். தந்தையின் பெயரும் சார்லஸ் சாப்ளின்தான், அவரும் பாடகரே. நல்ல குரல் இருந்தது, குடிப்பழக்கமும் இருந்தது. குடி வென்றது. குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்த அவர் 1901இல் தம் 38ஆம் வயதில் மாண்டார். சார்லியையும், அவருக்கு நான்கு வயது மூத்த சிட்னியையும் வளர்க்கும் பொறுப்பு ஹன்னாவின் தோளில் விழுந்தது.

சார்லி முதன்முதலாக மேடையேறிய நிகழ்ச்சியை அவரே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆல்டர்ஷாட் என்பது படைவீரர்கள் தங்கியிருந்த ஊர். அங்கே ஓர் அரங்கில் ஹன்னா பாடிக்கொண்டிருந்தபோது குரல் உடைந்தது. கூட்டம் கேலி செய்து கூச்சலிட்டது. மேலாளர், திரைக்குப் பின்னால் நின்ற ஐந்து வயதுச் சிறுவனைக் கைப்பிடித்து அழைத்து வந்து மேடையில் நிறுத்திவிட்டுச் சென்றார். சிறுவன் பாடினான். காசுகள் வந்து விழுந்தன. உடனே பாட்டை நிறுத்திவிட்டு, காசைப் பொறுக்கிய பிறகுதான் மீதியைப் பாடுவேன் என்று அறிவித்தான். அரங்கம் சிரித்தது. பாட்டைத் தொடர்ந்தவன், தாயின் உடைந்த குரலையும் ஒன்றும் அறியாமல் அப்படியே பாடிக் காட்டினான். அரங்கம் மேலும் சிரித்தது. மகன் மேடையேறிய அந்த இரவே தாய் மேடையை விட்டு இறங்கிய இரவாயிற்று.

அதன்பின் வந்தவை இருண்ட ஆண்டுகள். 1896இல் தாயும் பிள்ளைகளும் லாம்பெத் ஏழையர் விடுதியில் சேர்ந்தனர். அங்கே தாயைப் பெண்கள் பகுதிக்கும் பிள்ளைகளைச் சிறுவர் பகுதிக்கும் பிரித்தனர். பின்னர் ஆதரவற்ற சிறுவர்க்கான ஹான்வெல் பள்ளிக்குச் சார்லி அனுப்பப்பட்டார். படர்தாமரை வந்ததால் அங்கே அவருடைய தலையை மழித்தார்கள். 1898இல் ஹன்னா மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தாய் இருந்தும் இல்லாத நிலை. பிற்காலத்தில் சாப்ளின் படங்களில் வரும் பசி, காவலரைக் கண்டு நடுங்கும் அச்சம், கிழிந்த உடையிலும் மானத்தை விடாத நடை ஆகியவற்றை அவர் எந்த நடிப்புப் பள்ளியிலும் கற்கவில்லை. அவையெல்லாம் லாம்பெத் தெருக்கள் கொடுத்த சீதனம்.

நாடோடி பிறந்தான்

சிறுவர் நடனக் குழு ஒன்றில் தொடங்கி, ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்தில் ஏவல் சிறுவன் வேடம் ஏற்று, 1908இல் ஃபிரெட் கார்னோவின் புகழ்பெற்ற நகைச்சுவைக் குழுவில் சேர்ந்தார் சார்லி. பேச்சின்றி உடலசைவாலேயே சிரிக்க வைக்கும் கலையில் அக்குழு கைதேர்ந்தது. அதனுடன் அமெரிக்கா சென்ற சார்லியை மாக் செனட் என்பவரின் கீஸ்டோன் நிறுவனம் வாரம் 150 டாலர் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது. 1914 பிப்ரவரியில் அவருடைய முதற் படம் வெளிவந்தது.

அதே மாதத்தில் அந்த வேடமும் திரைக்கு வந்தது. தொளதொளத்த கால்சட்டை, இறுக்கமான மேல்சட்டை, சிறிய தொப்பி, பெரிய காலணி, கையில் வளையும் பிரம்பு. இளைஞரான தமக்கு வயது கூட்டிக் காட்டுவதற்காக ஒட்டிக்கொண்டதே அந்தச் சிறு மீசை. உடை ஏழையினுடையது, நடை கனவானுடையது. இந்த முரண்பாட்டிலேயே அந்த நாடோடியின் சிரிப்பும் கண்ணீரும் அடங்கியிருந்தன.

வளர்ச்சி வியக்கத்தக்க வேகத்தில் வந்தது. 1915இல் வாரம் 1,250 டாலர். 1916இல் ஆண்டுக்கு 6,70,000 டாலர். 1919இல் மேரி பிக்ஃபோர்டு, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், கிரிஃபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்னும் சொந்த நிறுவனத்தையே தொடங்கிவிட்டார். 1921இல் 'தி கிட்', 1925இல் 'தி கோல்டு ரஷ்', 1928இல் 'தி சர்க்கஸ்' என ஒன்றையொன்று விஞ்சும் படங்கள் வந்தன. 1921இல் தாயாரைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துக்கொண்டார். 1928இல் தாம் இறக்கும்வரை ஹன்னா மகனின் பாதுகாப்பில் வாழ்ந்தார்.

மௌனம் என்னும் செல்வம்

1927இல் பேசும் படம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் ஊமைப்படத்தின் காலம் முடிந்தது. பெரிய நடிகர்கள் பலர் பேசத் தொடங்கினார்கள். பேச வராதவர்கள் மறைந்துபோனார்கள். சாப்ளின் மட்டும் வாய் திறக்க மறுத்தார். 1931இல் வந்த 'சிட்டி லைட்ஸ்' படத்தில் இசை உண்டு, பேச்சு இல்லை. 1936இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் அவர் குரல் முதன்முறையாகக் கேட்டது. அதுவும் எந்த மொழியிலும் சேராத, பொருளற்ற சொற்களாலான ஒரு பாட்டாகவே கேட்டது.

இது பிடிவாதம் என்று சிலர் கூறினர். எண்ணிப் பார்த்தால் அவர் பக்கத்து நியாயம் விளங்கும். பேசாத நாடோடிக்கு நாடு கிடையாது. அவனைச் சீனத்து ஏழை தன்னவன் என்று நினைத்தான். ஆப்பிரிக்க ஏழையும் அப்படியே நினைத்தான். நம் ஊர்த் திரைக்கொட்டகையில் தரை டிக்கெட்டில் அமர்ந்தவரும் அப்படியே நினைத்தார். அவன் ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசிவிட்டால் அன்று முதல் ஆங்கிலேயனாகிவிடுவான். மௌனமே சாப்ளினின் மூலதனம். உலகச் சந்தை முழுவதும் செல்லுபடியாகும் நாணயம் அது ஒன்றே.

1931ஆம் ஆண்டில் அவர் மேற்கொண்ட உலகப் பயணமும் இங்கே நினைவுகூரத்தக்கது. பெர்லினில் மக்கள் திரண்டு வரவேற்க, நாஜிகள் சினங்கொண்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், வட்டமேசை மாநாட்டுக்காக வந்திருந்த காந்தியடிகளை இலண்டனின் கேனிங் டவுன் பகுதியில் சந்தித்தார். எந்திரங்களை அண்ணல் ஏன் எதிர்க்கிறார் என்று கேட்டு விளக்கம் பெற்றார். ஐந்தாண்டு கழித்து வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் தொழிலாளியையே விழுங்கும் எந்திரத்தைப் பார்க்கும் இந்தியர்க்கு இச்சந்திப்பு நினைவுக்கு வராமற் போகாது.

படம் உருவான வரலாறு

ஹிட்லர் 1933இல் ஆட்சிக்கு வந்தார். யூதர்களை இழித்துரைக்க நாஜிகள் வெளியிட்ட நூல் ஒன்றில் சாப்ளினின் படமும் இடம் பெற்றது. உண்மையில் அவர் யூதர் அல்லர். ஆயினும் அதை மறுத்து அறிக்கை விட அவர் உடன்படவில்லை. தாம் யூதர் அல்லர் என்று ஒருவர் துடித்துக்கொண்டு மறுப்பதே, யூதராக இருப்பது இழிவு என்று ஒப்புக்கொள்வதாகும் என்பது அவர் எண்ணம்.

ஆள்மாறாட்டத்தை வைத்து ஹிட்லரைப் பற்றி ஒரு படம் எடுக்கலாம் என்ற யோசனையை அலெக்சாண்டர் கோர்டா என்னும் தயாரிப்பாளர் 1937இல் கூறியதாகச் சாப்ளின் எழுதியுள்ளார். எண்ணம் வேரூன்றியது. ஹிட்லரின் செய்திப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கை எப்படி உயர்கிறது, தலை எப்படிப் பின்னால் சாய்கிறது, குரல் எங்கே கிறீச்சிடுகிறது என்பதையெல்லாம் ஒரு மாணவனைப் போலக் கற்றார்.

எச்சரிக்கைகள் குவிந்தன. ஹிட்லரைச் சமாதானப்படுத்தி வைத்திருந்த பிரிட்டிஷ் அரசு, இப்படியொரு படம் வந்தால் தன் நாட்டில் திரையிட விடாது என்று உணர்த்தியது. தணிக்கையில் தொல்லை வரும் என்று அமெரிக்கத் திரையுலகத்தினர் கூறினர். சாப்ளின் பின்வாங்கவில்லை. அவரிடம் சொந்தக் கூடம் இருந்தது. சொந்தப் பணமும் இருந்தது. ஏறத்தாழ 20 இலட்சம் டாலரை இப்படத்தில் போட்டார். 1939 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் போர் அறிவித்தது. 9ஆம் நாள் படப்பிடிப்பு தொடங்கியது. அமெரிக்கா போரில் இறங்கியதோ 1941 டிசம்பரில்தான்.

கதை எளியது. டொமேனியா என்னும் கற்பனை நாட்டின் சர்வாதிகாரி ஹிங்கெல். அதே முகச்சாயல் கொண்ட யூத நாவிதர் ஒருவர். முதல் உலகப் போரில் நினைவிழந்த அவர், பல ஆண்டு கழித்துத் தம் கடைக்குத் திரும்பி வருகிறார். நாடே மாறிவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. கடைச் சன்னலில் எழுதப்பட்டிருக்கும் இழிசொல்லை அவர் பாட்டுக்குத் துடைக்கிறார். தெரியாமல் செய்த அக்காரியமே வீரமாகிவிடுகிறது. இரண்டு வேடங்களையும் சாப்ளினே ஏற்றார். நாவிதரின் பக்கத்தில் நிற்கும் ஏழைப் பெண்ணாகப் பாலெட் காடர்டு நடித்தார். அப்பாத்திரத்திற்குச் சாப்ளின் இட்ட பெயர் ஹன்னா. முடிவில் ஆள் மாறிப் போய், சர்வாதிகாரியின் மேடையில் நாவிதர் நிறுத்தப்படுகிறார். படைகள் காத்திருக்கின்றன, உலகம் வானொலியில் காத்திருக்கிறது. அவர் பேச வேண்டும்.

அந்த இறுதி உரை, பிரான்சு நாடு ஹிட்லரிடம் வீழ்ந்த 1940ஆம் ஆண்டுக் கோடையில் படமாக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாள் நியூயார்க்கில் படம் வெளியாயிற்று. டிசம்பரில் இலண்டனுக்கும் சென்றது. தடுக்க எண்ணியிருந்த அரசே அப்போது குண்டுமழைக்கு நடுவே அப்படத்தை வரவேற்கும் நிலையில் இருந்தது. சாப்ளின் படங்களில் மிகுந்த வருவாய் ஈட்டியது இதுவே. சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட ஐந்து ஆஸ்கார் விருதுகளுக்கு முன்மொழியப்பட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயின் நாட்டு மக்கள் இதைத் திரையில் காண, அவர் 1975இல் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆவணப்படம் காட்டுவது

இனி ஆவணப்படத்துக்கு வருவோம். அதன் பெருஞ்செல்வம், அண்ணன் சிட்னி தம் சிறிய கேமராவில் படப்பிடிப்பின்போது எடுத்து வைத்த வண்ணப்படச் சுருள். பல்லாண்டுகளுக்குப் பின் சுவிட்சர்லாந்திலுள்ள குடும்ப இல்லத்தில் அது கிடைத்தது. நாம் கறுப்பு வெள்ளையில் மட்டுமே அறிந்த காட்சிகள் வண்ணத்தில் வருகின்றன. சர்வாதிகாரியின் சீருடையில் நின்றபடியே சாப்ளின் இயக்குகிறார், கைகாட்டுகிறார், மற்றவர்க்கு நடித்துக் காட்டுகிறார். அச்சீருடை உடம்பில் ஏறிய நாட்களில் அவர் பேச்சிலும் ஒரு கடுமை ஏறியது என்று உடன் நடித்த ஒருவர் பிற்காலத்தில் கூறியதுண்டு. அதிகாரத்தின் உடைக்கே ஒரு குணம் இருக்கிறது போலும்!

மற்றொரு காட்சி, நாங்கள் யாரும் எதிர்பாராதது. உரையைக் கேட்ட படைவீரர்கள் ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டுக் கைகோத்து நாட்டுப்புற நடனம் ஆடுகிறார்கள். இப்படியொரு முடிவைச் சாப்ளின் படமாக்கியிருக்கிறார். பின்னர் அதை நீக்கிவிட்டார். பேச்சு மட்டும் எஞ்சியது.

போரின்போது நாஜிப் படைகள் பிடித்திருந்த யுகோஸ்லாவியாவில் ஓர் இளைஞர் துணிந்து செய்த செயலும் ஆவணப்படத்தில் வருகிறது. ஜெர்மன் வீரர்களுக்கென நடந்த திரைக்காட்சி ஒன்றில், வேறு படத்துக்குப் பதிலாக இப்படத்தின் சுருளை மாற்றி ஓட்டிவிட்டார் அவர். வீரர்களும் முதலில் சிரித்தார்களாம். பிறகு ஒருவருக்கு உறைத்தது. திரையை நோக்கித் துப்பாக்கி வெடித்தது. இதைக் கேட்டதும் எங்கள் அரங்கில் எழுந்த கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று.

பார்வையாளர் கருத்துகள்

கலந்துரையாடலில் ஐந்து கருத்துகள் சிந்திக்கத்தக்கவை.

முதலாவது, இயற்பியல் மாணவர் ஒருவர் கூறியது. உலக உருண்டை போன்ற பலூனை ஹிங்கெல் தட்டித் தட்டி ஆடும் நடனமும், நாவிதர் இசைக்கேற்ப முகம் மழிக்கும் காட்சியும் கலையின் உச்சங்கள். ஆனால் கடைசி ஆறு நிமிடத்தில் நாவிதர் மறைந்து சாப்ளினே வந்து பிரசங்கம் செய்கிறார். அதனால் படம் உடைகிறது என்றார். 1940ஆம் ஆண்டிலேயே விமரிசகர் பலர் சொன்ன குறைதான் இது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் தாமாகவே அதை உணர்ந்தார் என்றால், அதில் உண்மை இல்லாமல் இராது.

இரண்டாவது, வரலாற்று மாணவி ஒருவரின் மறுப்பு. நாடோடியையும் சர்வாதிகாரியையும் ஆவணப்படம் இரட்டையர் போல எடை போடுவது பொருந்தாது என்றார். ஹிட்லரின் தந்தை சுங்க அதிகாரி, ஓய்வூதியம் பெற்றவர். வியன்னா ஓவியக் கல்லூரியில் 1907இலும் 1908இலும் இடம் கிடைக்காதது ஹிட்லருக்கு நேர்ந்த ஏமாற்றம். ஏழையர் விடுதியில் தலை மழிக்கப்பட்ட சிறுவனின் துன்பத்தோடு இதனை ஒப்பிடலாமா என்று கேட்டார். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். பிறந்த நாள் அருகருகே அமைவது தற்செயல். துன்பம் மனிதனைக் கொடியவனாக்கும் என்பதும் விதியன்று. சாப்ளின் வாழ்க்கையே அதற்குச் சான்று.

மூன்றாவது கருத்தைக் கூறிய மாணவி, சற்றுத் தயங்கியே பேசினார். படத்தில் வரும் சிறை முகாம் காட்சிகளில் தமக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால் அங்கே நடந்தவற்றை அறிந்த பிறகு எப்படிச் சிரிப்பது என்றார். அரங்கம் அமைதியாயிற்று. இதே உறுத்தல் சாப்ளினுக்கும் இருந்தது. முகாம்களில் நடந்த உண்மையான கொடுமைகளைத் தாம் அறிந்திருந்தால் இப்படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் ஒப்புக்கொண்டுள்ளார். ஆனால் ஒன்றை எண்ண வேண்டும். 1939இல் ஹிட்லரைக் கண்டு அரசுகள் அஞ்சின. வணிகர்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்நேரத்தில் துணிந்து முன்வந்தது ஒரு கோமாளியின் சிரிப்பு.

நான்காவது, பேராசிரியர் ஒருவர் எழுப்பிய ஐயம். ஹிட்லரைச் சாய்த்தவை படைகள்; ஒரு படத்தால் என்ன ஆயிற்று என்று கேட்டார். சிரிப்பு டாங்கியை நிறுத்தாது என்பது உண்மையே. ஆயினும் சர்வாதிகாரியின் முதல் ஆயுதம் அச்சம். ஊர்வலமும் கொடியும் விளக்கும் முழக்கமும் அந்த அச்சத்தை வளர்ப்பதற்கே. ஹிங்கெலின் முழக்கத்துக்கு அஞ்சி ஒலிபெருக்கியே வளைந்து பின்வாங்கும் காட்சியைக் கண்டவர், அதன்பின் மெய்யான முழக்கத்தைப் பழைய மரியாதையோடு கேட்க முடியுமா? திரையைச் சுட்ட அந்த வீரனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

ஐந்தாவது கருத்தைக் கூறியவர் மேடைக்கு வரவில்லை. எங்கள் ஆய்வக உதவியாளர் ஒருவர் இரண்டு மாலைகளும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்த்தார். எப்படியிருந்தது அண்ணா என்று கேட்டேன். பலூன் ஆட்டம், சவரக் காட்சி எல்லாம் நன்றாகப் புரிந்தன, விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார். கடைசியில் மட்டும் அந்த மனிதர் நெடுநேரம் ஏதோ இங்கிலீஷில் பேசுகிறார், முகத்தைப் பார்த்தால் பாவமாயிருந்தது, என்ன தம்பி சொன்னார் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எல்லாக் கருத்துகளிலும் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இதுதான். 26 ஆண்டுகளாக உலகில் யாரும் சாப்ளினைப் பற்றி இப்படிக் கேட்க நேர்ந்ததில்லை. அவரைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதில்லை. வாய் திறந்தால் இந்த நிலை வரும் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்? பேசும் படம் வந்து 13 ஆண்டுகள் அவர் காத்த மௌனம் அதற்காகத்தானே! அந்தச் செல்வத்தை அவர் அந்த மேடையில் முழுவதுமாகச் செலவிட்டார். ஆடும் வீரர்களின் காட்சி கையில் இருந்தது. அதை வைத்திருந்தால் ஆய்வக உதவியாளருக்கும் புரிந்திருக்கும், இயற்பியல் மாணவருக்கும் குறை இருந்திராது. அதை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டார். ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தபோது, வீரர்கள் ஆயுதம் போட்டு ஆடுவதாகக் காட்டுவது பொய்யாகும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கலைக் குறை என்று இயற்பியல் நண்பர் கண்டது சரியே. அக்குறையை அறிந்தே ஏற்ற பெருந்தன்மையையும் அதே இடத்தில் காண வேண்டும் என்பது என் துணிபு.

கொடுத்த விலை

அந்த உரைக்குப் பின் நாடோடி மீண்டும் திரைக்கு வரவில்லை. ஆனால் பேசத் தொடங்கிய சாப்ளினும் பேச்சை நிறுத்தவில்லை. 1941 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் பதவியேற்பை ஒட்டி வாஷிங்டனில் அவ்வுரையை நேரில் நிகழ்த்தினார். 1942இல் ரஷ்யாவுக்கு உதவியாக இரண்டாம் போர்முனை திறக்க வேண்டும் என்று சான்பிரான்சிஸ்கோவில் பேசினார். கூட்டத்தினரைத் தோழர்கள் என்று விளித்தார். போர் முடிந்து காற்று திசை மாறியபோது அந்த விளி அவரைத் துரத்தியது.

அவர் குறையற்ற மனிதர் அல்லர். மிக இளம்பெண்களை மணந்து, முதல் இரண்டு மணவாழ்வும் கசப்பில் முடிந்தன. மூன்றாவதும் நிலைக்கவில்லை. 1944இல் ஒரு பெண் தொடர்பான வழக்கில் நீதிமன்றம் அவரை விடுவித்தாலும் அவர் பெயர் நாளிதழ்களில் சேறாயிற்று. 1943இல் நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் மகள் ஊனாவை மணந்தார். எட்டு மக்கள் பிறந்தனர். இறுதிவரை நிலைத்த இல்லறம் அது. ஆயினும் பகைவர்க்குக் காரணங்கள் போதுமான அளவு கிடைத்துவிட்டன. 1947இல் வந்த 'மான்சியர் வெர்டூ' படத்தைப் புறக்கணிக்கச் சிலர் கிளர்ச்சி செய்தனர்.

1952 செப்டம்பரில் 'லைம்லைட்' படத்தின் வெளியீட்டுக்காகக் குடும்பத்துடன் கப்பலேறினார். கப்பல் நடுக்கடலில் இருந்தபோதே, அமெரிக்காவுக்குத் திரும்பும் அனுமதியை அரசு நீக்கியது. நாற்பது ஆண்டு உழைத்த மண்ணில் அவருக்கு இடமில்லை. சுவிட்சர்லாந்தின் வெவே நகரருகே குடியேறினார். திரையில் எப்போதும் காவலரால் துரத்தப்பட்டுச் சாலையில் தனியே நடந்தவனுக்கு வாழ்விலும் அதே முடிவு வாய்த்தது.

20 ஆண்டுகள் கழித்து, 1972இல், சிறப்பு ஆஸ்கார் விருது வழங்க அமெரிக்கா அவரை அழைத்தது. அரங்கம் எழுந்து நின்று பல நிமிடங்கள் கைதட்டியது. 82 வயது முதியவர் கண்ணீர் மல்க நின்றார், சொற்கள் வரவில்லை. 1975இல் பிரிட்டிஷ் அரசி அவருக்குச் சர் பட்டம் அளித்தார். 1977ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, தம் 88ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

முடிவாக

மாணவத் தோழர்களே! பேசத் தெரிந்தவர்கள் பேசுவதில் வியப்பில்லை. பேசாமலிருப்பதால் எல்லா நன்மையும் பெற்று வந்த ஒருவர், பேசினால் இழப்பு என்று தெரிந்தும் பேசியதே சாப்ளின் வாழ்க்கையின் பெருமை. ஐந்து வயதில், ஹன்னா என்னும் தாயின் குரல் உடைந்தபோது, அவளுக்காக மேடையேறி வாய் திறந்தார். ஐம்பத்தோராம் வயதில், நாவிதராக நின்று, ஹன்னா என்னும் பெண்ணை அழைத்து மீண்டும் வாய் திறந்தார். முதல் முறை காசு விழுந்தது. இரண்டாம் முறை கல் விழுந்தது. இரண்டு முறையும் அவர் மேடையை விட்டு ஓடவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் அந்த உதவியாளரைச் சந்தித்து, நாவிதரின் உரை முழுவதையும் தமிழில் சொன்னேன். பேராசை மனிதர் மனத்தை நஞ்சாக்கியது பற்றியும், எந்திரத்தைவிட மனித நேயம் தேவை என்பது பற்றியும், படைவீரர்கள் கொடியவர்க்கு அடிமைப்படக் கூடாது என்பது பற்றியும் சொல்லி முடிக்கக் கால் மணி நேரமாயிற்று. கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், இதைச் சொல்லத்தான் வேண்டும் தம்பி, ஆடிக் காட்ட முடியாது என்றார்.

எங்கள் கலந்துரையாடலில் எழுந்த கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை என் குறிப்பேட்டில் நான் காணவில்லை.